சுவர் தட்டும் பிரிஸ்கில்லா

பிரிஸ்கில்லா காலையில் ஒரு சுவரைத் தட்டினால் சாயங்காலத்துக்குள் அது விழுந்துவிடும் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். வரதனின் பழைய நெல் குடோன் அப்படித்தான் விழுந்ததாம். சொன்னவர் நேரில் பார்த்தவரில்லை. அவருடைய மச்சான் பார்த்தாராம். மச்சானைத் தேடிப் போய்க் கேட்டால் அவரும் யாரோ சொல்லக் கேட்டவர்தான்.

இந்தக் கதை பிரிஸ்கில்லாவிடமே வந்து சேர்ந்தபோது, அவர் ஆளில்லாத ஒரு வீட்டின் பின்சுவரில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார். காதை எடுக்காமலேயே பதில் சொன்னார்.

"நான் தட்னதால உளுந்துச்சா? உளப்போவுதான்னு தட்டிப் பாத்தேன். மூட்டைங்கள எடுத்து வெளிய போடுண்ணான்னு அன்னிக்கே சொன்னேன். அவுரு கேக்கல. இப்ப என் கையிமேல பழி."

நாற்பத்தாறு வயது. புடவைக்கு மேல் கணவர் பெஞ்சமினின் பழைய முழுக்கைச் சட்டை. வலது கையில் எப்போதும் கடப்பாரை இருப்பதால், தட்டுகிற வேலையெல்லாம் இடது கைக்கு. நடுவிரலின் முட்டி புளியங்கொட்டை போலக் கறுத்துக் காய்த்திருக்கிறது. முதலில் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. பிறகு முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் எட்டி ஒன்று. அதன் பிறகு காது. சந்தேகம் தீராவிட்டால் நகத்தால் ஒரு சிட்டிகை மண்ணைச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொள்வார். உப்புக் கரித்தால் சுவர் தரையிலிருந்து தண்ணீரை இழுக்கிறது என்று அர்த்தம். துப்பிவிட்டு, "நீ சரியில்ல" என்று அந்தச் சுவரிடமே சொல்லுவார்.

அவருடைய தொழில் வீடு கட்டுவதில்லை, பிரிப்பது. அரசாங்கத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கான்கிரீட் வீடு வந்தால், பழைய மண் வீட்டை அப்புறப்படுத்த வேண்டும். ஜேசிபி வைத்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். ஓடு, கூரையைத் தாங்கும் பனங்கை, நிலைக்கதவு, அடிக்கல் எல்லாம் அதோடு நொறுங்கிப் போகும். அவையெல்லாம் வேண்டும் என்கிறவர்கள் பிரிஸ்கில்லாவைக் கூப்பிடுகிறார்கள். அவரும் இன்னும் மூன்று பெண்களும் நான்கு நாளில் ஒரு வீட்டைத் துணி மடிப்பது போலப் பிரித்து அடுக்கிவிடுகிறார்கள். ஓடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். மிஞ்சுகிற பழஞ்சுவர் மண்ணை வயலில் கொட்டினால் கத்தரி நன்றாகக் காய்க்கும் என்று, நிலம் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். இருபது வருடத்தில் எத்தனை வீடு என்று கேட்டால், "எந்த வூடு கேளு, சொல்றேன். எத்தினின்னு கேக்காத" என்பார்.

கை சும்மா இருக்காது. தேவாலயத்தில் பாஸ்டர் பிரசங்கம் செய்யும்போது பக்கத்துத் தூணைத் தட்டுவார். பெஞ்சமின் முழங்கையால் இடிப்பார். வங்கியில் கவுன்டருக்குப் பக்கத்துத் தடுப்பைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்று சொன்னதில் காவலாளி எழுந்து வந்துவிட்டாராம். மகள் ஜெனிஃபருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் காபி வருவதற்குள் நான்கு சுவரையும் தட்டி முடித்துவிட்டார். திரும்பி வரும் வழியில் பெஞ்சமின் பயந்துகொண்டே, "இன்னா, எப்பிடி?" என்றார். "சுவுரு நல்லா கீது. பையன் மூஞ்சியதான் பாக்கல" என்றார் பிரிஸ்கில்லா. கல்யாணம் நடந்தது. ஜெனிஃபர் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

சென்னையில் கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் ஷீபா இரண்டு வருடத்துக்கு முன் பிரிஸ்கில்லாவைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வருடத்துக்கு மூன்று நான்கு முறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பத்தரைக்குக் கிளம்பி, ஏரிக்கரையோரமாக மூன்று ஊர்களை நடந்தே பார்ப்பார்கள். உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில் கல்வெட்டைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். பிரிஸ்கில்லாவோடு வருகிறவர்களுக்குக் கோயில் கோபுரம் தூரத்தில் மட்டும்தான் தெரியும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு அப்படித்தான் ஒன்பது பேர் வந்தார்கள். பிரிஸ்கில்லாவுக்கு வீட்டை மேலிருந்து கீழேதான் சொல்லத் தெரியும். பிரிக்கிற வரிசை அதுதான். முதலில் ஓடு, அப்புறம் ஓட்டுக்கு அடியில் இருக்கும் வாரை, அப்புறம் பனங்கை, சுவர், கடைசியில் கல். மாணவர்கள் வாசற்காலைப் படம் எடுக்கக் குனிந்தால், "மொதல்ல மேல பாருங்க கண்ணு. கீள இருந்து ஆரம்பிச்சா தலைல உளும்" என்பார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேருக்கும் கழுத்து வலித்தது.

பாதி சரிந்த ஒரு வீட்டின் முன்னால் கீர்த்தி என்ற மாணவி கேட்டாள். "இது எந்த வருஷம் கட்டினதுக்கா?"

"வருசம் தெரியாது. ஆனா கட்டச்சொல்லோ மழ வந்துச்சு."

பிரிஸ்கில்லா கடப்பாரை முனையால் சுவரின் உடைந்த விளிம்பைக் காட்டினார். மண் சுவரை ஒரே நாளில் எழுப்ப முடியாது. வைக்கோல் போட்டு மிதித்த மண்ணை முழ உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு. மூன்றாவது அடுக்கின் மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள். என்றைக்கோ காயாத மண்ணில் விழுந்த மழைத்துளிகள் அவை. அதன் மேல் நான்காவது அடுக்கை வைத்து மூடியிருந்தார்கள்.

"தோ, அதுக்கு மேல வைக்கோலு முழுசு முழுசா கீது பாரு. மழ உட்டதும் அவசரம். சரியா மிதிக்கல. கீள இருக்கற ரெண்டு அடுக்கும் பொறுமையா மிதிச்சது." பிறகு கீழே கையைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு முழத்துக்குக் கருங்கல். "மண்ணுக்குத் தண்ணி ஆவாது. அதான் கல்லுமேல ஏத்தி உட்டுக்கீறாங்க. கல்லு நனஞ்சிக்கட்டும், நீ நனையாதன்னு."

கீர்த்தி எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் குழிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஊரில் சொக்கம்மாளின் வீடு நடைப் பட்டியலிலேயே இல்லை. முகப்பில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை டைல்ஸ், அதற்கு மேல் சிமென்ட் பூச்சு, மஞ்சள் பெயின்ட். மாணவர்கள் அதைப் புது வீடு என்று நினைத்துக் கடந்து போய்விட்டார்கள். பிரிஸ்கில்லாவின் இடது கை தானாக எழுந்து தட்டியது. அவர் நின்றார். பக்கவாட்டுச் சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்தார். முழங்கால் உயரத்தில் சுவர் ஒரு முறம் அளவுக்குப் புடைத்திருந்தது. மூலையில் மெல்லிய வெடிப்பு. தெருவில் கிடந்த விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்து அதற்குள் செருகி உருவினார். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. குச்சி நாலு விரல் நீளத்துக்கு ஈரமாக வந்தது.

"இதுவும் மண் சுவரா?" என்றார் ஷீபா.

"மண்ணுதாம்மா. மேல சிமிட்டிச் சட்ட மாட்டி உட்டுக்கீறாங்க. நனஞ்ச துணிய பாலிதீன் கவர்ல போட்டு முடிச்சு போட்டா இன்னா ஆவும்? அதான் ஆயிக்கினு கீது உள்ள."

சத்தம் கேட்டுச் சொக்கம்மாள் வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு ஏக்கர் நிலத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். ஒரே மகன் தமிழரசன் கத்தாரில் வேலை செய்கிறான்.

"இன்னா பிரிஸ்கி, ஊர்ல எல்லா வூட்டயும் இடிச்சி முடிச்சிட்டு இங்க வந்துட்டியா?"

"நீ எங்கக்கா படுக்கற?"

"என் வூட்ல நான் எங்க படுத்தா உனுக்கின்னா?"

"இந்தச் சுவத்தாண்டயா?"

கட்டில் அங்கேதான் இருந்தது. திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. தலைமாடு அந்தச் சுவரை ஒட்டி.

"அக்கா, இந்த மழைக்கு இது நிக்காது. அடி வெளிய தள்ளிக்கினு கீது, உளுந்தா உள்பக்கம்தான் உளும்."

"நீ வரதன் குடோனுக்குச் சொன்ன மாறியே சொல்ற."

"ஆமா. அதே மாறிதான் சொல்றேன்."

ஏரிப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாளை இரவு வரை கனமழை என்று ஷீபாவின் போனில் இருந்தது. அவர் தன் பங்குக்கு, ரெண்டு நாள் சொந்தக்காரர் வீட்டில் இருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தார். சொக்கம்மாள் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிரிஸ்கில்லா பின்பக்கம் போய், பழைய மாட்டுக் கொட்டகையின் சுவரை மூன்று இடத்தில் தட்டினார். மாட்டை விற்று நாளாகிறது; இப்போது உள்ளே வேர்க்கடலை மூட்டைகள். கருங்கல் அடித்தளம், சாணம் மெழுகிய மண் சுவர். சிமென்ட் படாத சுவர். தட்டினால் இறுகக் கட்டிய மூட்டையைத் தட்டுவது போலக் கெட்டியாக ஒலித்தது.

"கொட்டால படுக்கா. நாலு நாளு. இது இன்னும் அம்பது வருசம் நிக்கும்."

"மாட்டுக் கொட்டாலயா?" சொக்கம்மாளின் குரல் மாறியது. "மண் வூட்ல அம்மா கீறான்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு, லீவுல வந்த இருவது நாளும் நின்னு பூசிட்டுப் போனான்டி எம்புள்ள. அத்த உட்டுட்டு நான் கொட்டால போயி படுத்தா தெருவே சிரிக்காது? அவன் காதுக்குப் போனா இன்னாத்துக்கு ஆவான்? அவன் சொல்லட்டும், போறேன்."

"அப்ப போனப் போடு."

சொக்கம்மாள் போனை எடுத்தார்; உடனே அழைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரிலிருந்து பட்டப்பகலில், வேலை நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே அவன் நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்து முடித்துவிடுவான். ஒரு முறை தவறிய அழைப்பு என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவதைப் பார்த்தால் ஊருக்கு டிக்கெட் தேடத் தொடங்கிவிடுவான். அது அந்தத் தாய்க்குத் தெரியும். ஆனாலும் அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது.

"டூட்டில கீறான். போன லாக்கர்ல வெச்சிருவான்."

"இன்னொருவாட்டி போடு."

இரண்டாவதும் ஓய்ந்தது. அதற்குள் முதல் தூறல் விழுந்துவிட்டது. மாணவர்கள் தாழ்வாரத்தின் கீழ் ஒதுங்க ஓடினார்கள். "அங்க நிக்காதீங்க. இந்தாண்ட வாங்க, கொட்டா பக்கம்" என்று பிரிஸ்கில்லா அவர்களைத் திருப்பினார். சொக்கம்மாள் மட்டும் வாசற்படியிலேயே நின்றார், போனைப் பார்த்தபடி.

பிரிஸ்கில்லா இருபது வருடமாக இந்தத் தெருவில் நடக்கிறார். இந்த வீட்டின் வெளிச்சுவர் அவருக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போனதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. காலனியிலிருந்து அறுப்புக்கு வந்த அவருடைய அம்மா, இதே வாசலுக்கு வெளியே நின்று "யம்மா" என்று கூப்பிட்டு, கொல்லைப்பக்கமாகக் கூலி நெல்லை வாங்கிக்கொண்டு போனவர். பிரிஸ்கில்லா "அக்கா" என்கிறார். நிற்கிற இடம் மட்டும் மாறவில்லை.

தூறல் வலுத்தது. பக்கச் சுவரின் வெடிப்பில் தண்ணீர் கோடாக இறங்குவதைப் பிரிஸ்கில்லா பார்த்தார். கடப்பாரையைத் தரையில் கிடத்தினார். செருப்பைக் கழற்றினார்.

"இன்னொருவாட்டி அடிச்சிப் பாருக்கா" என்று சொல்லிக்கொண்டே சொக்கம்மாளைத் தாண்டி உள்ளே போனார்.

சொக்கம்மாள் தன் வீட்டுத் தரையில் பதிந்த ஈரக் கால்தடங்களைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டுச் சன்னலில் ஒரு முகம் இருந்தது. அவருடைய கட்டை விரல் போனை அழுத்தியது. மூன்றாவது முறையாக மணி அடிக்கத் தொடங்கியது.

உள்ளே பிரிஸ்கில்லா கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்து நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுவர் விழுந்தால் முதலில் அவர்மேல்தான் விழும்.

"நீ கால்மாட்டுப் பக்கம் புடி" என்றார்.

சொக்கம்மாள் இரண்டு எட்டு உள்ளே வந்தார். போனைத் தலையணை மேல் வைத்தார். குனிந்து கட்டில் காலைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேருமாக அதைச் சாய்க்காமல் கொல்லைக் கதவு வழியாக மழைக்குள் கொண்டுபோனார்கள். கட்டிலோடு சேர்ந்து போனும் கொட்டகைக்குப் போயிற்று, அடித்துக்கொண்டே.