வலதுபக்கக் கீழ்மூலை

பதட்டம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு மூளை டீ குடிக்கப் போய்விடும். கைகள் மட்டும் டூட்டியில் இருக்கும். தங்களுக்குத் தெரிந்த வேலையை அவை பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். என் கைகளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக. அந்த இயந்திரத்தில் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டுவதற்குக் கை ஏது? அதனால்தான் பத்து விரலும் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன. கைவிரல் விஷயத்தில் நன்மை செய்த அந்தப் பழக்கம், கேமரா விஷயத்தில் என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் கல்யாணத்துக்கும் அதே வயதுதான். கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தை எடுத்துப் பாருங்கள். வீடியோக்காரருக்கு லைட் பிடித்தவரின் முழங்கை அத்தனை தெளிவாக இருக்கிறது, அதில் இருக்கும் தழும்பைக்கூட எண்ணலாம். பின்னால் பழுப்பாக, கொஞ்சம் மஞ்சளாக ஒரு மேகம் தெரிகிறதே, அதுதான் என் மனைவி.

"ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி படத்த ஊட்டுல மாட்டிக்கினு கீறாங்க. நீ எவனோ கைமுட்டிய மாட்டிக்கினு கீற" என்பாள். அடுத்தவர்கள் இருக்கும்போது என்னை "இன்னாங்க" என்பாள். தனியாக இருக்கும்போது "யோவ்".

அவள் நாலு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறாள். பேக்கிங்கில் சேர்ந்து, பிறகு லைசென்ஸ் எடுத்து, அங்கே வண்டியில் ஏறிய முதல் பெண் அவள்தான். இந்த வருடம் அவர்கள் கம்பெனியில் குடும்ப விழா அறிவித்தார்கள். அதில் ஃபோர்க்லிஃப்ட் போட்டி. பேலட் பலகையின் மேல் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய ஒரு பக்கெட்டை வைத்து, கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டி, ரேக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எட்டு பேர் போட்டியில். ஏழு பேர் ஆண்கள்.

"ஜெயிக்கிறனோ தோக்குறனோ, அத்த நான் பாத்துக்கறேன். வண்டி மேல நான் உக்காந்துகினு இருக்கறப்ப மூஞ்சி தெளிவா ஒரு படம். ஒண்ணே ஒண்ணு. அது உன் வேல. இந்த வாட்டியும் எவன் முட்டியாவது வந்துச்சு, கேமராவ தண்ணியில போட்டுருவேன்" என்றாள்.

கேமரா என்றது, திருவள்ளூரில் ஸ்டூடியோவைச் சுருக்கிக்கொண்ட ஒருவரிடம் பழையதாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து, பச்சைக் குழந்தை மாதிரி கொண்டுவந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். அதுவரை அதில் நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் அசையாத பொருள்கள். எங்கள் வீட்டு மிக்ஸி அதில் மிகவும் அழகாக விழும்.

ஃபோர்க்லிஃப்ட் அசையும். அது மட்டுமில்லை, ஓட்டுகிறவருக்கு முன்னால் இரண்டு தூண், நடுவில் சங்கிலி, தலைக்கு மேல் கம்பி. முகம் இதற்கெல்லாம் பின்னால் இருக்கும். பழகிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்வீஸ் ரோட்டில் போய் நின்று, வரும் லாரி டிரைவர்களின் முகத்தைக் கண்ணாடி வழியாக எடுத்தேன். வந்து பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் வைப்பர் பளிச்சென்று இருக்கிறது. டிரைவர் மேகம்.

காரணம் இதுதான். கேமராவின் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். எந்தக் கட்டம் விழுகிற இடத்தில் தெளிவு வேண்டும் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கேமராவே எடுத்துக்கொள்ளும், எது கிட்டே இருக்கிறதோ அதை. கேமராவுக்கு டிரைவரும் வைப்பரும் ஒன்றுதான். கிட்டே இருப்பவன் சொந்தக்காரன்.

கட்டத்தை நாமே நகர்த்தலாம்தான். ஆனால் கேமரா கம்பெனி வைத்து அனுப்பிய செட்டிங்கில், முதலில் பின்பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், பிறகு குமிழைத் திருகி நகர்த்த வேண்டும், பிறகு கிளிக். அதற்குள் லாரி ஆந்திராவுக்குள் போய்விடும்.

அதை மாற்றலாம் என்று மெனுவுக்குள் நுழைந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. பட்டன் எதையும் அழுத்தாமல், பின்னால் இருக்கும் குமிழை அசைத்தாலே கட்டம் நகரும்படி மாற்றியிருந்தேன். லென்ஸின் பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு பட்டனுக்கு வேறு வேலை கொடுத்தேன். அதை அழுத்தினால், கட்டம் எங்கே சுற்றிக்கொண்டிருந்தாலும் ஒரே தாவலில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்துவிடும். எங்கள் இயந்திரங்களில் இதை ஹோம் பொசிஷன் என்போம். நடுவுக்குக் கொஞ்சம் மேலே, மனைவியின் முகம் விழும் இடத்தை ஹோமாகப் பதிந்தேன். பதிவது எப்படி என்றால், பின்பக்கப் பட்டனைப் பிடித்துக்கொண்டே மேல்பக்கத்தில் இருக்கும் விளக்குப் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். பீப் என்று ஒரு சத்தம் வரும். அந்த நிமிடத்தில் கட்டம் எங்கே இருக்கிறதோ அதுதான் இனி வீடு.

இரண்டு பட்டன். ஒரே நேரத்தில். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுபடி சர்வீஸ் ரோடு. இந்த முறை டிரைவர்கள் பளிச்சென்று விழுந்தார்கள். என்னைப் பார்த்ததும் வரிசையாக சீட் பெல்ட் மாட்ட ஆரம்பித்தார்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஒருவர் லாரியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, கையில் பிளாஸ்டிக் கவரோடு இறங்கி வந்தார்.

"சார், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா கீது சார்."

"நான் ஆபீசர் இல்லப்பா. பழகிக்கினு கீறேன்."

"இன்னா பழகுற?"

"பொண்டாட்டிய படம் புடிக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எங்க மூஞ்சிய எதுக்கு நைனா எடுக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் பத்து நாள் கழித்துத்தான் எனக்கே கிடைத்தது.

விழா நாள். கேட்டில் செக்யூரிட்டி எல்லோருடைய போன் கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் மனைவி முன்கூட்டியே சொல்லி பாஸ் வாங்கி வைத்திருந்தாள். "இதுக்கு ஒட்டற அளவுக்கு ஸ்டிக்கர் எங்ககிட்ட இல்ல, போ சார்" என்று லென்ஸைப் பார்த்துச் சொல்லி உள்ளே விட்டார்.

சரக்கு ஏற்றும் ஷெட்டுக்குள் போட்டி. வெளிச்சம் போதாது, லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தேன். அப்படித் திறந்தால் ஒரு முழம் ஆழத்துக்குத்தான் தெளிவு. முன்னே பின்னே இருப்பதெல்லாம் புகை. அதனால் என்ன, கட்டம் முகத்தில் இருந்தால் போதும்.

ஒவ்வொரு வண்டிக்கும் பத்தடி பின்னால், என் பார்வைக்கு வலதுபக்கமாக, ஒருவர் சிவப்புக் கொடியோடு கூடவே நடந்து வர வேண்டும். தண்ணீர் சிந்துகிறதா, கோன் சாய்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மனைவிக்குக் கொடி பிடிக்க வந்தவன் அவள் ஷிப்டிலேயே வண்டி ஓட்டுகிறவன். முப்பது வயது இருக்கும். முதல் சுற்றிலேயே பாதித் தண்ணீரைத் தரையில் விட்டுத் தோற்றிருந்தான். வாயில் பபிள்கம்.

"இன்னாக்கா, துண்டு எடுத்துகினு வந்துகிறியா? குளிச்சிட்டா தொடைக்கணும்ல" என்றான்.

"நீ ஊத்துனத தொடச்சிட்டாங்களாடா? சறுக்குமேன்னு பாக்கறேன்" என்றாள் மனைவி, ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே.

அவன் என் பக்கம் திரும்பினான். அவளை அக்கா என்பதால் நான் மாமா. "மாமா, அக்கா கோன இடிக்கும். அத்த கரெக்டா எடு."

சிரித்துக்கொண்டே அவன் மேல் கேமராவை வைத்துப் பார்த்தேன். குமிழை அசைத்து, கட்டத்தை வலதுபக்கக் கீழ்மூலைக்குக் கொண்டுபோய், அவன் முகத்தில் வைத்துச் சோதித்தேன். பபிள்கம் வரை தெளிவு. பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது விசில் ஊதிவிட்டார்கள்.

மனைவி வண்டியைக் கிளப்பினாள். கிளப்பும் முன் ஒரு முறை என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான். என் மூளை டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. இடது கை லென்ஸை விட்டு மேலே போயிற்று. வலது கட்டைவிரல் பின்னால் போயிற்று. இருபத்திரண்டு வருடப் பழக்கம், இரண்டு கை, இரண்டு பட்டன், ஒரே அமுக்கு.

பீப்.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த தெம்பு இருக்கிறதே! கேமரா "சரி மாமா, ரெடி" என்று சொன்னதாகவே நினைத்தேன். அது சொன்னது வேறு. "இனிமேல் உங்கள் வீடு வலதுபக்கக் கீழ்மூலை" என்றது.

அதன்பிறகு அவள் ஒவ்வொரு கோனைத் தாண்டும்போதும் நான் லென்ஸ் பக்கத்துப் பட்டனை நம்பிக்கையோடு அழுத்தினேன், வீட்டுக்குப் போனேன், கிளிக் செய்தேன். கட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கலாமே என்பீர்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கெட்டில் தண்ணீர் விளிம்பில் தளும்பி நிற்கிறது, அவள் கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. கை மட்டும் லிவரை ஏதோ தோசை மாவைத் தடவுவது போலத் தடவுகிறது. மூன்று நிமிடத்தில் நூற்று நாற்பது படம் எடுத்தேன்.

கடைசித் திருப்பத்தில் ஒரு கை அளவு தண்ணீர் சிந்தியது. இரண்டாம் பரிசு. ஒரு பெரிய ஹாட்பாக்ஸ்.

கேன்டீனில் பிரியாணி வரிசையில் நின்றபடி படங்களைப் பெரிதாக்கினேன். முதல் படம், மேகம். பத்தாவது படம், மேகம். நூறாவது படம், ஹெல்மெட் போட்ட மேகம். எனக்குப் பின்னால் நின்றவர், "நவுருங்க சார், பீஸ் தீந்துறப் போவுது" என்றார். கறித்துண்டா முக்கியம்?

மனைவி ஹாட்பாக்ஸோடு வந்தாள். "இன்னாங்க, காட்டுங்க."

"பேட்டரி போச்சு."

"லைட்டு எரியுதே."

"அது... மீதி கரண்ட்டு."

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "யோவ்."

கொடுத்துவிட்டேன். அவள் தள்ளிக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரிக்கிறாள். சத்தம் வராமல், மூச்சு முட்டி, ஹாட்பாக்ஸை என் கையில் தள்ளிவிட்டுச் சிரிக்கிறாள்.

மூலையில் கொடிக்காரன் நூற்று நாற்பது படத்திலும் கண் இமை தெரிய நிற்கிறான். முதல் படங்களில் நக்கலாகச் சிரிக்கிறான். மூன்றாவது கோனில் மெல்லுவதை நிறுத்திவிட்டான். ஐந்தாவதில் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் கொடி தாழ்ந்துவிட்டது, பபிள்கம் கீழ் உதட்டில் தொங்குகிறது. கடைசியில், சிந்தாதே சிந்தாதே என்று அவனே மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறான். அவள் ஓட்டியது அத்தனையும் அவன் முகத்தில் இருந்தது.

அதற்குள் அவனே வந்து எட்டிப் பார்த்தான்.

"மாமா, என் கல்யாணத்துக்குக் கூட என்ன இவ்ளோ கிளியரா யாரும் எடுக்கல. அந்த மொத படம் மட்டும் அனுப்பு, டிபி வெக்கறேன். மீதிய அழிச்சிரு."

"அழிச்ச, அவ்ளோதான்" என்றாள் மனைவி என்னிடம். பிறகு சிரிப்பு நின்றது. "என் மூஞ்சி?"

நான் ஹாட்பாக்ஸின் மூடியைத் திருகிப் பார்த்தேன். நூற்று நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

அவள் சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினாள். ஷெட் வாசலில் நிறுத்தியிருந்த வண்டியில், சாவி இல்லாமல், ஐந்து நிமிடம் உட்கார அனுமதி கிடைத்தது. ஏறி உட்கார்ந்து, லிவரில் கை வைத்து, நேராகப் பார்த்தாள். கட்டத்தைக் குமிழால் நகர்த்தித் தூணுக்கும் சங்கிலிக்கும் நடுவே அவள் கண்ணில் வைத்தேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். என் இடது கை மெல்ல லென்ஸை விட்டுக் கிளம்பியது.

"நில்லு. அந்தக் கை எங்க போவுது?"

"அது... பழக்கம்."

"அந்த ஹாட்பாக்ஸ அந்தக் கையில புடி. கீழ வெச்ச, பாரு."

ஹாட்பாக்ஸை இடது கையால் நெஞ்சோடு அணைத்து, அதன் மூடி மேல் கேமராவை நிறுத்தி, ஒற்றைக் கையால் அழுத்தினேன். இறங்கி வந்தாள். பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணுக்குள் ஷெட் வாசலின் வெளிச்சம், ஹெல்மெட்டுக்கு வெளியே வந்த இரண்டு நரைமுடி, மேலுதட்டு வியர்வை, எல்லாம் இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னாய்யா, மூக்குல இவ்ளோ கரும்புள்ளி கீதா எனக்கு? இருவத்திரண்டு வருஷமா சொல்லவே இல்ல."

"எனக்கு இன்னிக்கிதான் தெரியும்" என்றேன். சத்தியமான வார்த்தை.

"கொஞ்சம் கம்மியா தெளிவா எடுத்திருக்கலாம்" என்றாள். ஆனால் வீடு திரும்பும்போது கேமராவை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழங்கைப் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் மனைவியின் முகத்தை மாட்டினேன்; கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கும் கொடிக்காரனுக்காகப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்தேன். ஆணி பிடிக்க ஒரு கை, சுத்தி பிடிக்க ஒரு கை. அந்த மாதிரி வேலை கொடுத்தால் நான் பதட்டப்படுவதே இல்லை.