சகலை காருக்கு நான் கூவிய பேர்

எங்கள் குப்பத்தில் முதல் ரேடியோ பாடியது என் வீட்டில். முதல் மோட்டார் சைக்கிள் நின்றது என் வாசலில். முதல் மாடி வீடும் என்னுடையதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று எறா என்கிற இறாலைத் தடவிப் பிடித்த கையால் இத்தனையும் சேர்த்தேன். எழுபதுகளில் எறாவுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தபோது, கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பொன்னேரிக்கு மிதித்த முதல் ஆள் நான். அப்புறம் ஐஸ் பெட்டி வந்தது, அப்புறம் வேன். யாரும் எனக்கு வழி காட்டவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கென்றே சொன்னாலும் தப்பில்லை.

ஆகவே முதல் காரும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். எண்பதுகளில் அந்தப் புதுச் சின்னக் கார் வந்ததே, அதற்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். இருக்கட்டும், ஏரியில் வலை போட்டவனுக்குக் காத்திருக்கத் தெரியாதா? காருக்குப் பேர்கூட யோசித்து வைத்துவிட்டேன். கொண்டல். கடலுக்குப் போன படகைக் கிழக்கிலிருந்து தள்ளிக் கரை சேர்க்கிற காற்று அது. எங்கள் ஊரில் பேர் இல்லாத படகு தண்ணீரில் இறங்காது. கார் மட்டும் எப்படி இறங்கும்? ஒரு கரையில் ஒரு பேர் ஒரே வண்டிக்குத்தான். வேறு எவனாவது பிடித்துக்கொள்வான் என்று பெண்டாட்டியிடம்கூட அந்தப் பேரைச் சொல்லவில்லை.

இப்படி நான் காத்திருக்கையில் என் சகலை கார் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

சகலை என்றால் என் பெண்டாட்டியின் தங்கை புருஷன். என்னைவிட இளையவன். வலை இழுக்கச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்பான். சோழவரத்தில் கார்ப் பந்தயம் நடக்கிற மைதானத்துக்குப் பக்கத்து ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனான். அங்கே ஒரு பணக்கார முதலாளிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவர் ராலி ஓட்டுகிறவர். மலையிலும் காட்டிலும் கார் ஓட்டிப் போட்டி போடுவதற்குத்தான் ராலி என்று பேராம். அவரோடு மெக்கானிக்காக ஊர் ஊராகச் சுற்றினான். அவர் தயவில்தான் அந்தப் புதுச் சின்னக் கார் இவனுக்கு முந்திக் கிடைத்தது. நான் உப்புத் தண்ணீரில் வெந்து சேர்த்தவன். இவன் கிரீஸ் தடவிச் சிரித்தே சேர்த்தவன். சொல்லுங்கள், நியாயமா?

வெள்ளைக் கார். செம்மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, என் வீட்டைத் தாண்டி, அவன் குடிசை வாசலில் நின்றது. குடிசைக்கு முன்னால் கார்! எனக்கு வயிற்றில் அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. முன்னால் இரண்டு பெரிய உருண்டை விளக்கு வேறு கூடுதலாகப் பூட்டியிருந்தான். கதவில் பந்தயக் கார் மாதிரி ஒரு நம்பர்.

ஊரே கூடிவிட்டது. "இன்னாப்பா இது, ராலி வண்டின்றாங்களே, கட்சி ஊர்வலத்துக்கு உடப்போறியா?" என்றார் கிராமத்தாரில் மூத்தவர். எங்கள் ஊருக்குத் தலைவர் அவர்.

"அது இல்ல சித்தப்பா. இத்தோட வம்சமே ராலி வம்சம். இத்தோட அண்ணன் தம்பிங்கோ அசலூர்ல பாலைவனத்துலயும் பனியிலயும் ஓடி கப்பு வாங்கினுகீதுங்க" என்றான் சகலை.

"இவ்ளோ சின்னதாகீது?"

"சிறுத்தாலும் ஓட்டம் ஓட்டம்தான். இங்க பாருங்க." கியர் கம்பியின் தலையைத் தொட்டுக் காட்டினான். தேய்ந்துபோன கறுப்புக் குமிழ். அவன் முதலாளி ராலியில் ஜெயித்த பழைய காரிலிருந்து கழற்றி, இந்தப் புதுக் காரில் பூட்டியிருக்கிறான்.

அவ்வளவுதான். கூட்டம் அப்படியே மயங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் புதுப் படகு கட்டினால், நன்றாக மீன் பட்ட ராசியான பழைய படகிலிருந்து ஒரு துண்டுப் பலகையாவது எடுத்துச் சேர்ப்பார்கள். ராசி இறங்கும் என்று. அந்தக் குமிழைக் கிழவன்கள்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதுதான் அன்றைக்கு எனக்கு முதல் குத்து.

இரண்டாவது குத்து சாயங்காலம் வந்தது. சகலையும் கொழுந்தியாளும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு என் வீட்டுப் படி ஏறினார்கள்.

"அண்ணா, வெள்ளிக்கிழம கங்கையம்மனுக்குப் பூச போட்டு வண்டிய எறக்கலாம்னுகீறோம். நீதான் பேர் கூவணும்."

படகு இறக்குகிற முறை இது. பெண்டாட்டி வழி மூத்த ஆள் பேரைக் கூவ வேண்டும். அவன் கூவிய பிறகுதான் தோள் கொடுப்பவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள். அந்த வாயில் என்ன வருகிறதோ அதுதான் பேர். அப்புறம் மாற்ற முடியாது. அவன் மாமியார் வழியில் மூத்தவன் நான்தான். மாட்டேன் என்றால், வயிற்றெரிச்சல் என்று ஊர் சொல்லும். சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

"இன்னா பேரு வெச்சுகீற?" என்று கேட்டேன்.

"ராலி ராஜா. எப்டிகீதுண்ணா?"

"உனக்கேத்த பேருதான்."

அவர்கள் போனதும் என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். "இன்னாய்யா, மூஞ்சி சுட்ட காரப்பொடி மீனு மாதிரி சுருங்கிப்போச்சு? நம்ம தங்கச்சி நல்லாருந்தா உனுக்கு இன்னா?"

"எனுக்கு இன்னாமே? நல்லாருக்கட்டும். என்னைய விட நல்லாருக்க வாணாம். அவ்ளோதான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. பேர் என் வாயில்தானே இருக்கிறது? ராலி ராஜா என்று கூவினால்தானே? நண்டு என்று கூவினால்? நேராகப் போகத் தெரியாத ஜீவன். ஊர் சிரிக்கும். ராலி வம்சம் ஒரு நொடியில் நண்டு வம்சம் ஆகிவிடும். எனக்குச் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் காருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். படகுகளுக்குப் பேர் எழுதுகிற பெயிண்டர் பாய், பழவேற்காட்டிலிருந்து டப்பாவும் பிரஷுமாக வந்து காருக்குப் பின்னால் நின்றார். பேர் கூவின கையோடு எழுதிவிட்டுப் போக வேண்டும் அவருக்கு. தேங்காய் உடைத்தாயிற்று, பூசணிக்காய் போட்டாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மூத்தவர் கேட்டார்: "தண்ணி தொடாம எப்டிப்பா எறக்கனதாவும்?"

ராலியில் சுற்றிய சகலைக்கும் ரத்தம் எங்கள் ரத்தம்தானே! "முன் சக்கரம் மட்டும் நனைச்சுக்கலாம்" என்றான். எஞ்சின் போடவும் யாரும் விடவில்லை. புது வண்டி தோளால்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு கை போட்டு ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மணலில் சுலபமாக உருண்ட கார், ஓரத்துச் சரிவில், நான் பேர் கூவுவதற்குள், அவர்கள் பிடிக்கு நிற்காமல் தானே இறங்கி, முன் சக்கரம் இரண்டும் சேற்றில் பொதக்கென்று உட்கார்ந்துவிட்டது.

எனக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரம் கேட்டதுபோல் இருந்தது.

சகலை ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தான். "ஒன்னும் ஆவாது, ரிவர்ஸ் போட்டா வந்துடும்."

மூத்தவர் சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார். "டேய், எறக்கற அன்னிக்குப் பின்னால இழுத்த வண்டி உருப்படுமா? உங்க நைனா படகு எறக்கும்போது இப்டித்தான் சிக்கிச்சு. பின்னால இழுத்தாங்களா? கேட்டுப் பாரு!"

"சித்தப்பா, இது படகு இல்ல, காரு!"

"மஞ்ச பூசிகீது, மால போட்டுகீது, தேங்கா ஒடச்சுகீது. அப்புறம் இன்னா காரு?"

பெண்களும் மூத்தவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கொழுந்தியாளே, "பின்னால வாணாம்யா, வாணாம்" என்று புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாக்குவாதம் நடக்க நடக்கச் சேறு காரை விழுங்கிக்கொண்டே போனது. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறுகிற நேரம் வேறு. உப்புத் தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று எங்களுக்கா தெரியாது? சகலையின் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சிரிப்பு எங்கே போயிற்றோ.

"அப்பொ தூக்கித் திருப்பு" என்றார் மூத்தவர். தூக்கித் திருப்பினால் பின்னால் போனதாகாது. தலை கரையைப் பார்க்கும், வண்டி முன்னால்தான் போகும். படகு தூக்குகிற சவுக்குக் கட்டைகள் வந்தன. காருக்கு அடியில் குறுக்கே நுழைத்தார்கள்.

"மெதுவா! கீழ சைலன்சர்கீது, சைலன்சர்கீது!" என்று சகலை கத்தினான்.

"உன் சைலன்சரும் நீயும் ஓரமா நில்லுங்கடா!"

ஆண்கள் அத்தனை பேரும் கட்டைக்குக் கீழே தோளைக் கொடுத்தார்கள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேர் விழாமல் ஒருவனும் மூச்சைப் பிடிக்கமாட்டான், தூக்கவும் மாட்டான்.

"பேரச் சொல்லுண்ணா!" என்றான் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

பாய் பிரஷை டப்பாவில் தோய்த்தார்.

நண்டு என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன்: இந்தக் கரையில் நான் பேர் கூவி எழும்பாத படகு கிடையாது. என் குரலுக்கு அப்படி ஒரு பேர் உண்டு. அத்தனை தோள்களுக்கும் முன்னால் நண்டு என்று கூவினால் என்ன ஆகும்? நாலு பேர் சிரிப்பார்கள், பிடி நழுவும், கார் இன்னும் ஒரு முழம் இறங்கும். நான் கூவி எழும்பவில்லை என்று காலத்துக்கும் சொல்வார்கள். ராலி ராஜா என்றால்? அதில் இழுத்துக் கூவ ஓசை ஏது? தோள் ஏறுகிற பேர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"கொண்டலே!" என்று கூவினேன்.

"ஏ... லா!" என்றது ஊர்.

"கிழக்கத்திக் கொண்டலே!"

"ஏ... லா!"

சேறு ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு விட்டது. கார் எழும்பியது. சேறு சொட்டச் சொட்ட, மாலையோடு, நாலு சக்கரமும் அந்தரத்தில் சும்மா சுற்ற, தோள்மேல் மெள்ளத் திரும்பியது. அம்மன் ஊர்வலத்தில் தேரைத் திருப்புவது மாதிரி. பெண்கள் குலவை போட்டார்கள். உருண்டை விளக்குகளில் வெயில் பட்டுக் கண்ணைப் பறித்தது. கரை மணலில் இறக்கி வைத்தபோது எல்லாருக்கும் முதுகெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு.

அதற்குள் பாய் பின்பக்கம் உட்கார்ந்து 'கொ' போட்டுவிட்டார்.

சகலை என் பக்கத்தில் வந்து, "நா சொன்னது வேற பேராச்சேண்ணா..." என்று இழுத்தான்.

கொழுந்தியாள் அவனை ஒரு முறை முறைத்தாள். "சும்மா இருய்யா. ராலி ராஜாவாம்! மாமா வெச்சதுதான் பேரு. கேக்கும்போதே காத்தடிக்குது."

அவன் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தான். கொண்டல், கொண்டல். முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து என் காலைத் தொட்டான். "யாருக்கும் இப்டி ஒரு பேரு கெடைக்காதுண்ணா" என்றான். எனக்குத் தெரியாதா? எத்தனை மாதம் நெஞ்சுக்குள் அடைகாத்த பேர்!

அன்றிலிருந்து பொன்னேரி வரைக்கும் கொண்டல் என்றால் அவன் கார்தான். மீஞ்சூர் டீக்கடையில்கூட, "கொண்டல்காரர் வந்துட்டாரு" என்பார்கள். பிரசவ வலி எடுத்தவளை ஏற்றிக்கொண்டு ராலிக்காரன் மாதிரி மண் ரோட்டில் பறப்பான். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் கொண்டல் என்றே பேர் வைத்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் வயிறு எரிய?

என் காரும் வந்தது. அவனதைவிட நல்ல நிறம், கருஞ்சிவப்பு. மெத்தை உறை எல்லாம் மெட்ராஸில் தைத்தது. பேர் கூவ என்னைவிட மூத்த ஆள் என் மாமியார் வழியில் இல்லாததால், சகலையே கூவுகிறேன் என்றான். "இன்னா பேருண்ணா?" என்று ஆசையாகக் கேட்டான். நானும் இரண்டு வாரம் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பேரைச் சொன்னாலும் சோறு மீந்து புளித்த மாதிரி இருந்தது. "கம்பெனிக்காரன் வெச்ச பேரே போதும்" என்று சொல்லிவிட்டேன். மூத்தவர் தண்ணீர் தொட வேண்டும் என்றார். ஒரு சொம்பு ஏரித் தண்ணீரை எடுத்து நானே சக்கரத்தில் ஊற்றினேன். ஊர் சிரித்தது. "உஷாரான ஆளுய்யா" என்றார்கள்.

உஷார்தான். என் கார் ஒரு நாளும் எங்கேயும் சிக்கியதில்லை, துருப் பிடித்ததில்லை. அவன் காருக்கு அடிப்பக்கம் அந்த உப்பில் அரித்து இரண்டு தடவை தகடு வைத்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், எதில் பார்த்தாலும் என் கார்தான் மேல்.

ஆனால் என் காரை யாரும் தோளில் தூக்கவில்லை.