கடைசி வரியில் ஒரு கோடு

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. இரண்டு கைப்பேசி மாற்றியும் அதை மட்டும் அழிக்காமல் கூடவே எடுத்து வந்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் ஏழு வரிகள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் ஊர்ப்பெயர், எதிரே ஓர் எண். சேராப்பட்டு அறுபது, கரியாலூர் அறுபத்தொன்று என்று போகும். கடைசி வரியில் மட்டும் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாய் ஒரு கோடு, எதிரே அறுபது. அனுப்பியவர் வெள்ளிமலையில் கணினிக் கடை வைத்திருந்த அக்கா. அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். சங்கராபுரத்திலிருந்து தினமும் பஸ். மொத்தம் நான்கு பேர். எங்கோ இருக்கும் பெரிய கம்பெனிகளின் இணையதளங்கள் விழாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. "பொட்டியாண்ட குந்திக்கினு இன்னாதான்டி வேல பாக்குற?" என்று அம்மா கேட்பாள். லோடு பேலன்சர் என்று சொன்னால் ஏதோ லாரி சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொள்வாள். கடைசியில் இப்படிச் சொல்லிச் சமாளித்தேன்: கல்யாண மண்டபத்தில் வாசலில் ஒருவர் நின்று, வருகிறவர்களை இந்த வரிசையில் உட்காருங்கள், அந்த வரிசையில் உட்காருங்கள் என்று பிரித்து அனுப்புவார் இல்லையா, அந்த ஆளுக்கு ஒழுங்குமுறை எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த ஒழுங்குமுறைக்குப் பெயர் புரொஃபைல். இலை போட்ட இடத்தில் ஆள் அசையாமல் இருந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது எழுப்பிவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பது என்பதுகூட அதில்தான் இருக்கும். அம்மா, "சாப்புட வந்தவங்கள எழுப்பி வுடுவியா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அன்று ஓர் அறக்கட்டளையின் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். படிப்பும் தங்குமிடமும் இலவசம் என்பதால் மாவட்டமே அந்தத் தளத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். காலை பதினொரு மணிக்கே தளம் திணற ஆரம்பித்தது. பார்த்தால், பாதிப் பேர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார்கள். அவர்கள் பிடித்து வைத்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியவில்லை. புரொஃபைலைத் திறந்தேன். சும்மா இருக்கும் இணைப்பை ஐந்து நிமிடம் கழித்துத் துண்டிக்கலாம் என்றிருந்ததை அறுபது நொடி என்று மாற்றினேன். தளம் மூச்சு விட்டது. திரையில் தளத்தின் நிலையைக் காட்டும் வரைபடமெல்லாம் பச்சை. மேலாளர் என் மேசைக்கு வந்து, "நல்ல வேல செஞ்ச" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மதியம், உதவி எண்ணைக் கவனிக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தபோது போனை நான் எடுத்தேன். வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் குரல். "மேடம், சர்ட்டிபிகேட்ட ஏத்திக்கினே இருக்கேன், அறுபது எண்றதுக்குள்ள புட்டுக்குதுங்க." அறுபது என்ற சொல் என் காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் நான் வைத்த அறுபது சும்மா இருப்பவர்களுக்கானது. இவர்தான் சான்றிதழை ஏற்றிக்கொண்டிருக்கிறாரே, இவர் எப்படிச் சும்மா இருப்பவர் ஆவார்? சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளை யாரும் எழுப்புவதில்லையே. மலையில் சிக்னல் குறைவாக இருக்கும், திரும்பத் திரும்ப முயன்று பாருங்கள் என்று, எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சிக்னல் எங்களுக்குத் தெரியாதுங்களா மேடம்? அது ஒரு தபா பத்துல போவும், ஒரு தபா நூறுல போவும். இது கரெக்டா அறுபதுல போவுதுங்க." நான் இங்கிருந்தே ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தேன். நொடியில் ஏறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலைந்து முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும், "ஒரு பொண்ணுது நிக்குதுங்க மேடம், வயசு இந்த வருசத்தோட தாண்டிடும்" என்றார். எல்லோருக்கும் அவசரம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு மேல், நான் கொடுத்திருந்த என் சொந்த எண்ணுக்கு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினார். யார் விண்ணப்பம் எத்தனை நொடியில் அறுந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தார். கீழே ஒரு வரி எழுதியிருந்தது: நீலக் கோடு நின்ன நேரத்துல இருந்து எண்ணினது. நீலக் கோடு என்பது சான்றிதழ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் நீண்டு காட்டுவது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மலையில் சிக்னல் நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டுப் பிறகு வரும். அந்த இடைவெளியில் எங்கள் லோடு பேலன்சருக்கு அவர் சும்மா இருப்பவராகத்தான் தெரிவார். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து ஏறியிருக்கும். நான் அறுபதாவது நொடியில் அவரை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் காலையிலிருந்து. யாரிடமும் சொல்லாமல் எண்ணைப் பழையபடி மாற்றினேன். மணி நாலு நாற்பது. "இப்ப பாருங்கக்கா" என்று போனில் சொன்னேன். "ஏறுதுங்க மேடம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. தளம் அதன் பிறகு விழவும் இல்லை. அப்படியென்றால் நான் காலையில் அந்த எண்ணைக் குறைக்கவே தேவையில்லையா, அல்லது மாலையில் கூட்டம் குறைந்ததால் தப்பித்ததா? இதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கவா, நான் செய்த உதவிக்கு நன்றியைப் பெற்றுக்கொள்ளவா என்பது எனக்கே தெரியவில்லை. கடை என்பது ஓர் அறை, ஒரு கணினி, ஜன்னல் கம்பியில் சிக்னலுக்காகக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட இன்டர்நெட் டாங்கிள். அக்காவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எல்லாருதும் போச்சாக்கா அன்னைக்கு?" என்று கேட்டேன். "ஆறு போச்சுங்க. எங்க கடையில ஒரு வழக்கம், ரொம்ப தூரம் நடந்து வந்தவங்களுக்குத்தான் மொதல்ல. உள்ளூர் ஆளு கடைசி. ஏழாவது ஏத்தங்காட்டியும் மணி அஞ்சாயிடுச்சு." அந்த ஏழாவது பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் ஸ்கேனர் மேலிருந்த தூசியைக் கையால் தள்ளிக்கொண்டே, "அது நான்தாங்க" என்றார்.

காலையிலிருந்து தன் விண்ணப்பத்துக்காகவும் போராடிக்கொண்டு, அதை யாரோ ஒரு பெண்ணுடையது என்று சொல்லிக்கொண்டு, வழி திறந்ததும் மற்றவர்களை முன்னால் அனுப்பியிருக்கிறார். "உங்க பக்கம் இன்னாங்க ஆச்சு அன்னைக்கு?" என்று அவர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான், "சர்வர் பிரச்சினைக்கா" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார். டீ சூடாக இருந்தது. மடமடவென்று குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இல்லாத பஸ்ஸைச் சொல்லிக் கிளம்பினேன். இறங்கும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் காலையில் அறுபது வைக்காமல் இருந்திருந்தால் தளமே விழுந்து ஆயிரம் பேருடையது போயிருக்குமோ என்றும் மனம் வாதாடிக்கொண்டே வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தெரியாமலேயே கள்ளக்குறிச்சி வந்துவிட்டது.

இப்போது வேறு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. மலைப்பக்கத்து இணைப்புகளுக்கென்று தனியாக ஒரு புரொஃபைல் வைக்காமல் எந்தத் தளத்தையும் நான் திறந்துவிடுவதில்லை. போன வாரம் அந்தப் படத்தைக் கணினியில் போட்டு மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அறுபது, அறுபத்தொன்று, அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபது, அறுபது. சிக்னல் இப்படி ஒரே எண்ணில் போகாது, யாரோ வைத்ததால்தான் போகிறது என்பது இதைத் தன் கையால் எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? அந்த "அப்படிங்களா" எதற்கு என்று இத்தனை வருடம் கழித்து எனக்கு உறைத்தது. அவருடைய எண் இன்னும் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தார். நான் யாரென்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், "அன்னைக்கு அந்த அறுபத வெச்சது நான்தாங்கக்கா" என்றேன்.

மறுமுனையில் சத்தம் இல்லை. சிக்னல் போயிற்றா, வைத்துவிட்டாரா, தெரியவில்லை. மேசைமேல் கணினியில் அந்தப் படம் திறந்திருந்தது. கடைசி வரியில் இருந்த கோட்டைப் பார்த்தபடி, என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். அறுபது தாண்டியது. எழுபது தாண்டியது. வைக்க மனம் வரவில்லை.

"இருக்கேங்க மேடம்" என்றது குரல். "சொல்லுங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.