வெறும் சுவர் தேடிய மத்தியானம்

போன வருஷம், குற்றாலத்தில் சீசன் முடியப்போகிற சமயத்தில் நடந்தது இது. மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சீனாவிலிருந்து என் தோழி வந்திருந்தாள்.

நான் மருத்துவம் படித்தது தெற்குச் சீனாவில். அதே பல்கலைக்கழகத்தில் அவள் ஆசிரியர் பயிற்சி படித்தாள். எனக்கு அந்த மொழியைப் பேசக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். கொரோனா சமயத்தில் எங்கள் விடுதிக் கதவைப் பூட்டியபோது, அவள் தன் ஊரில் இருந்தபடியே செல்போனில் ஆர்டர் போட்டு எனக்குக் காய்கறியும் முட்டையும் வரவழைத்தாள். படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகு மெயிலில்தான் பேசிக்கொண்டோம். எல்லைத் தகராறால் பல வருஷமாகச் சீனர்களுக்கு இங்கே வர சுற்றுலா விசா கிடையாது. மறுபடி கொடுக்க ஆரம்பித்ததும், வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு விடுமுறையில் கிளம்பி வந்துவிட்டாள்.

அவள் அப்பா மலைக்கிராமத்தில் தேனீ வளர்ப்பவர். ஒரு காலத்தில் வியாபாரிகள் சொன்னதுதான் விலை. அப்புறம் மகள் சொல்லிக்கொடுத்து, செல்போன் முன்னால் உட்கார்ந்து நேரலையில் தேன் விற்க ஆரம்பித்தார். "எங்க அப்பா சொந்தக்காரர்கள் கூடினாலே வாய் திறக்கமாட்டார். இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேரோடு பேசுகிறார்" என்று அவள் பெருமையாகச் சொல்வாள். அந்த வருமானத்தில்தான் வீடு கட்டினார்கள், அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தார்கள். இன்டர்நெட் தன் ஊருக்கு வந்த வரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வந்த அன்றைக்கே அம்மா அவளை ஹாலில் உட்காரவைத்துத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துவிட்டாள். நான் அதை அவள் போனில் வீடியோ எடுத்தேன். அந்த எண்ணெய்த் தலையோடு மெயின் அருவிக்குப் போனோம். என்னுடைய நைட்டியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு வெளியே நடுங்கி நின்றவளை, யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "வா தாயி, தண்ணி ஒண்ணுஞ் செய்யாது." மொழி தெரியாமலே இருவரும் சிரித்தார்கள். வெளியே வந்து மங்குஸ்தான் வாங்கித் தின்றோம்.

நம் நாட்டில் அவர்களுடைய செயலிகள் ஓடாது. அவள் தன் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்ததால் அவள் போனில் மட்டும் ஓடின. அன்று சாயங்காலம் எண்ணெய் தேய்க்கும் வீடியோவையும் அருவிப் படங்களையும் அப்படி ஒரு செயலியில் போட்டு எழுதினாள்: "இங்கே யாரும் அவசரப்படுவதில்லை. எங்கள் ஊரிலும் முன்பு இப்படித்தான் இருந்தோம். எப்போது மறந்தோம் என்று தெரியவில்லை."

மறுநாள் காலையில் இடியாப்பம் சாப்பிடும்போது அவள் போன் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

யாரோ அவள் எழுதியதை மாற்றி, 'நம் நாட்டைவிட இந்தியா மேல் என்கிறார் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை' என்று பரப்பியிருந்தார்கள். அது போதாதென்று, வீடியோவில் அவளுக்குப் பின்னால் சுவரில் என் அண்ணனின் படம் தெரிந்தது. ராணுவ உடுப்பில், பதக்கத்தோடு. அண்ணன் வடக்கே சீன எல்லையில் காவலுக்கு இருந்தவர். இப்போது ஓய்வு பெற்று அச்சன்புதூரில் வயலைப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'நம் வீரர்களை எதிர்த்து நின்றவன் வீட்டில் சோறு தின்கிறாள்' என்று எழுதியிருந்தார்கள். மதியத்துக்குள் அவள் பள்ளியின் பெயர், குடியிருக்கும் இடம், அப்பாவின் நேரலைத் தேன் கடை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள். நானும் கூட உட்கார்ந்து வாசித்தேன். மொழி தெரிந்ததற்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாக வருந்தினேன்.

அப்போது அவள் அப்பாவின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வேகமாக வாசிக்க வராது. கூட்டம் ஏறுவதைப் பார்த்து வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிட்டார். "வாங்க, எல்லாரும் வாங்க" என்று சிரித்துக்கொண்டே கரண்டியில் தேனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். திரையில் அவர் முகத்தின் மேலேயே வசவுகள் ஓடிக்கொண்டிருந்தன. இவள் இங்கிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள். நேரலையில் இருந்ததால் அவர் எடுக்கவில்லை. கடைசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். அது அவர் மகளைப் பற்றியது. பாதியில் நிறுத்திவிட்டார். போன் சரிந்து விழுந்து, வெறும் கூரை மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் பள்ளி முதல்வர் அழைத்தார். உடனே மன்னிப்பு வீடியோ போடவேண்டும், இல்லாவிட்டால் வேலை இருக்காது, அப்பாவின் கடைக்கும் தன்னால் எதுவும் செய்யமுடியாது என்றார். சொல்லவேண்டிய வாசகத்தையும் அனுப்பினார். பின்னணியில் இந்தியா என்று சொல்லும்படி எதுவுமே தெரியக்கூடாதாம்.

எங்கள் வீட்டில் வெறும் சுவர் எங்கே இருக்கிறது? ஒன்றில் சாமி படங்கள், ஒன்றில் காலண்டர், ஒன்றில் ஜன்னல். அண்ணன் அப்போதுதான் வயலிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலைப் போட்டு ஏறித் தன் படத்தைக் கழற்றினார்.

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா நேத்தே கழட்டியிருப்பேனே. அந்தப் பிள்ளைட்ட நான் வருத்தப்பட்டேன்னு சொல்லுட்டி" என்றார். நான் சொன்னேன். அவள் அண்ணனைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றாள்.

படம் இருந்த சுவர் முன்னால் நின்று அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன். முதல்வர் அனுப்பிய வாசகத்தை அவள் சொல்ல ஆரம்பித்தாள். தாய்நாட்டின் மனத்தைப் புண்படுத்திவிட்டேன் என்றாள். அடுத்து, ஒரு இந்தியப் பெண்ணின் இனிப்பான பேச்சில் ஏமாந்துவிட்டேன், அவள் திட்டம் போட்டு என்னை ஒரு ராணுவக்காரன் வீட்டுக்கு அழைத்து வந்தாள், இனி அவளோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளமாட்டேன் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

அனுப்பிய உடனே முதல்வரிடமிருந்து பதில் வந்தது. அழக்கூடாது, அழுதால் நாடகம் என்பார்கள், மறுபடி எடுங்கள்.

மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை அவள் அழவில்லை. கேமராவைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, வகுப்பில் பாடம் வாசிக்கிற மாதிரி முழுவதையும் சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மா கேட்டாள். "ஏட்டி, அவ என்ன சொல்லுதா?"

"நம்ம எல்லாருக்கும் நன்றி சொல்லுதாம்மா."

"பாவம், நல்ல பிள்ளை" என்று அம்மா நேந்திரங்காய் சிப்ஸைப் பொட்டலம் கட்டப் போனாள்.

அன்றைக்கே அவள் கிளம்பிவிட்டாள். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போகக் கார் பேசினோம். அம்மா கொடுத்த சிப்ஸை, ஏர்போர்ட்டில் யாராவது படம் எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, அம்மா உள்ளே போனதும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நானாக எழுதும்வரை நீ எழுதாதே" என்று மட்டும் சொன்னாள். கட்டிப்பிடிக்கத் தயங்கி, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். எங்கள் தெருவில் அவளை யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பழக்கம் ஒரே நாளில் அவளுக்கு வந்திருந்தது.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனசு கேட்காமல் ஒரு தடவை மெயில் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. வேலை தப்பியதா, அவள் அப்பா மறுபடி கடை போட்டாரா, ஒன்றும் தெரியாது. அம்மா அவ்வப்போது, "அந்தப் பிள்ளை ஒரு போன் கூடப் போடலியே, மறந்துட்டா பாத்தியா" என்று குறைப்படுகிறாள். பிஸியாக இருப்பாள் என்று சமாளிக்கிறேன். அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்று அம்மாவிடமும் அண்ணனிடமும் இன்றுவரை நான் சொல்லவில்லை.

அவள்மேல் கோபம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை. அந்த வீடியோவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்து நம்பியிருப்பார்கள். அதில் சொன்னது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேரும் இனி ஒருவரோடு ஒருவர் பேசமுடியாது என்பதுதான் என்னால் விழுங்கமுடியாத கசப்பு.