முனுசாமியின் மொட்டையும் ஃபோர்ஹேண்டும்

இன்று காலை திருப்பதி டென்னிஸ் கிளப்புக்கு ஒரு கசப்பான செய்தியைச் சொல்லத்தான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் கிளப்புடன் இரட்டையர் ஆட்டம். என் கூட்டாளி முனுசாமியின் ஃபோர்ஹேண்ட் பல மாதங்களாக வலையைத் தாண்டுவதில்லை. வேறு ஆளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

அவர் மொட்டைத் தலையோடு வந்து நின்றார்.

"இன்னா முனுசாமி இது?"

"பொண்ணுக்குப் பிரசவம் நல்லபடியா ஆவணும்னு வேண்டிக்கினு இருந்தேன். நேத்து மலைக்குப் போய் குடுத்துட்டு வந்தேன். வா, ஆடலாம்."

நெற்றியில் வந்து விழும் அந்த நீண்ட முடி அவருடைய பெருமை. பந்து வரும்போதெல்லாம் இடது கை அதை ஒதுக்கப் போய்விடும். வலது கை மட்டும் தனியாக வீசும். இரண்டு கையாலும் ராக்கெட்டைப் பிடித்துத் தோளைத் திருப்பச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

இன்று ஒதுக்க எதுவும் இல்லை. வேலையிழந்த இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. தோள் தானாகத் திரும்பியது. பத்துப் பந்தில் எட்டு உள்ளே விழுந்தன, எண்ணினேன்.

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

தண்ணீர் குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"யோவ், உன் பேக்ஹேண்டு ரொம்ப மோசமா கீது. ஞாயித்துக்கெழமைக்கு வேற ஆளப் பாக்கலாம்னு இருந்தேன். மனசு வரல. நீயும் ஒரு மொட்ட போட்டுக்கினு வாயேன்."

என் தலையில் முடி கொட்டி முடிந்து பல வருடம் ஆகிறது. கொடுக்க முடி இல்லாதவன் பேக்ஹேண்டுக்கு என்னதான் வேண்டிக்கொள்வது? தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.