மாமா எய்த புள்ளிமான்

எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் அளவுமீறிப் பீற்றிக்கொண்டால், அப்பா இன்றைக்கும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்பார். "புள்ளி போட்டதா, கோடு போட்டதா?" வீடே சிரிக்கும். மாமா மட்டும் சிரிக்கமாட்டார். எழுந்துபோய்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நிற்பார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரங்கூன் லான்மடாவில் எங்களுக்கு இருந்த பூட்டு, தாழ்ப்பாள் கடையை அப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொண்டார். எனக்குப் பத்து வயது நடந்த சமயம் அவருக்கு முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ரங்கூனில் மிஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களே கொஞ்சம். அதில் பெண் இருந்த வீடுகள் அதைவிடக் கொஞ்சம். மாமாவைக் கால்மணி நேரம் பேசவிட்டுக் கேட்ட பிறகும் பெண் கொடுக்கத் தயாராக இருந்த வீடு ஒன்றே ஒன்று. அது பசுந்தாங் பேட்டையில் இருந்தது.

அந்த வீட்டுப் பெரியவர் மாப்பிள்ளை பார்க்க வந்தார். இளவயதில் மலைப்பக்கம் மரவேலைக்குப் போயிருந்தபோது துப்பாக்கியால் மான் அடித்த கதையை, அம்மா சுட்ட வடையைத் தின்றுகொண்டே விஸ்தாரமாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நானும் போறதுதான். ஆனா துப்பாக்கி எடுக்கிற பழக்கமில்லீங்க. வில்லுதான். காட்டுக்குள்ள நடந்தே போயி, பக்கத்தில நின்னு அடிப்பேன்."

அப்பாவின் வாய்க்குப் போன வடை பாதி வழியில் நின்றது.

மாமாவிடம் வில் இருந்தது உண்மை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, சோறு வடிக்கும் மின்சாரப் பானை வாங்கப் போனவர் வில்லோடு திரும்பி வந்தார். கூடவே ஒரு வீடியோ காசெட்டும் இனாமாகக் கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் தனியாகக் காட்டில் மானைத் தேடிப்போவார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று மாமா அதைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்ப்பார். சத்தம் வைத்திருந்தாலும் இங்கிலீஷ் புரிந்திருக்காது, அது வேறு. மொட்டைமாடியில் வாழைத்தண்டை நிற்கவைத்து எய்து பழகினார். வாழைத்தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீர்த்தொட்டிதான் ஒழுக ஆரம்பித்தது.

பெரியவருக்கு மாமாவின் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, வரும்போது ஒரு மான்தொடை கொண்டுவந்துவிடுங்கள் மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்தினாள். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியேடா" என்று சொல்லி நிஜமாகவே அழுதாள். இந்த இடமும் தட்டிப்போனால் தம்பி கடைசிவரைக்கும் பிரம்மச்சாரிதான் என்பது அவளுக்குத் தெரியும். ஆட்டுத்தொடை வாங்கி மான் என்று சொல்லிவிடலாம், மசாலா போட்டபிறகு யாருக்குத் தெரியப் போகிறது என்று அப்பா யோசனை சொன்னார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர், முயலையே பிடிக்காவிட்டாலும்.

இரண்டு நாள் கழித்து மாமா துள்ளிக்கொண்டு வந்தார். கடைக்குச் சரக்கு இறக்க வரும் பர்மிய லாரிக்காரர் லைங் தாயாவில் குடியிருப்பவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தையல் ஆலைகளாக இருக்கும் இடம். உங்கள் பக்கம் மான் இருக்கிறதா என்று மாமா சும்மா கேட்டிருக்கிறார். ஏராளமாக இருக்கிறதே என்றிருக்கிறார் அந்த மனிதர். ஆலைக்குப் பின்னால் புல்காடு, காலையில் வெயில் ஏறும்போது போனால் புதருக்குப் புதர் அதுதானாம். புள்ளி போட்டதா என்று மாமா கேட்டதற்கு, புள்ளி போட்டதும் உண்டு, கோடு போட்டதும் உண்டு என்று பதில். கோடு போட்டது குட்டியாக இருக்கும் என்று மாமா எங்களுக்கு விளக்கினார். யாருக்கும் தெரியாமல் ஒன்றை எடுத்து வர வேண்டும் என்று அவர் சொன்னபோது மட்டும் லாரிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். பிடிபட்டால் அடி பின்னிவிடுவார்கள், பார்த்துப் போங்கள் என்றாராம்.

"காட்டிலாகாக்காரங்களைச் சொல்றாரு" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். என்னைக் கூட அனுப்பியது அம்மா. மாமா வளர்ந்தது டெல்டாப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில். வயல்காட்டில் மாட்டுக்குக்கூடத் தமிழ்தான் தெரியும். இருபது வயதுக்குமேல் ரங்கூன் வந்து பர்மியம் பேசக் கற்றவர். எனக்கோ பள்ளிக்கூடத்துப் பர்மியம் தண்ணீர் பட்ட பாடு. எங்காவது மாட்டிக்கொண்டால் பேசுவதற்கு நான், பசித்தால் சாப்பிடுவதற்கு நான்கடுக்குத் தூக்கு என்று இரண்டையும் அம்மா மாமாவிடம் ஒப்படைத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் துணி சுற்றிய வில்லைக் காட்டி என்ன என்று கேட்டார். திரைச்சீலை மாட்டும் கம்பி என்று நான் சொன்னேன். வளைந்திருக்கிறதே என்றார். அதனால்தான் மாற்றப்போகிறோம் என்றேன். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

லைங் தாயாவில் இறங்கியதும் டீக்கடையில் வழி கேட்டோம். நான் வாயைத் திறப்பதற்குள், நாமும் பேசுவோமே என்று மாமா முந்திக்கொண்டார். இங்கே தமின் எங்கே கிடைக்கும் என்று பர்மியத்தில் கேட்டார். கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு உள்ளே போய் ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

இதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். பர்மியத்தில் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துத் தமின் என்றால் மான். நாக்கை உள்ளே வைத்து மூச்சைத் தள்ளிச் சொன்னால் சோறு. எங்கள் ஆட்களின் நாக்கு இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் உட்காரும். நான் மாமாவுக்கு நாக்கைக் கடித்துக் காட்டினேன். அவரும் கடித்துப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். சோற்றை வீணாக்க வேண்டாமென்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். அதே வார்த்தையைக் கடைசியில் கொஞ்சம் இழுத்தால் மூன்றாவதாக ஒரு அர்த்தமும் உண்டு என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆலைச் சுவரைச் சுற்றிப் போனால் லாரிக்காரர் சொன்னபடியே புல்காடு இருந்தது. என் தலைக்குமேல் வளர்ந்த நாணல். மாமா கைலியை மடித்துக் கட்டினார், செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், மடியிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார். உள்ளே காய்ந்த தனாக்காத் தூள். பர்மாவில் பெண்கள் பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் அதே தனாக்காதான், அம்மாவினுடையது. வீடியோவில் வெள்ளைக்காரர் ஏதோ மாவைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பாராம். காற்று மானிடமிருந்து நம் பக்கம் வரவேண்டும், நம் வாடை அதற்குப் போகக் கூடாது. மாமா ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார். அது திரும்பி வந்து அவர் மீசையில் படிந்தது. "சரியான காத்து" என்றார்.

பிறகு நடந்தோம். அதை நடை என்று சொல்லலாமா தெரியாது. பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, சுள்ளி மிதிபடவில்லை என்று தெரிந்தபிறகு மிச்சப் பாதத்தை வைக்கவேண்டும். இரண்டடி வைத்தால் நின்று காது கொடுக்கவேண்டும். மாமா நிஜமாகவே நன்றாகச் செய்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அவர் கால்பட்டு ஒரு புல் அசையவில்லை. என் கையிலிருந்த தூக்குக்குள் கரண்டிதான் 'டிங்' என்றது. மாமா திரும்பி முறைப்பார். நான் தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். இரண்டடி. 'டிங்.' கடைசியில் அவர் கரண்டியை எடுத்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

திடீரென்று மாமா கையைத் தூக்கினார். எனக்கும் தெரிந்தது. நாணலுக்கு அந்தப்பக்கம், நல்ல பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. காற்றில் புல் விலகும்போது தெரிந்தது, மூடும்போது மறைந்தது. லேசாக அசைந்தது.

"காதை ஆட்டுது பாரு" என்று மாமா என் காதில் ஊதினார். அவர் மூச்சில் டீக்கடைச் சோற்று வாடை அடித்தது. எனக்கு மான் சாகப்போகிறதே என்று பாவமாகவும் இருந்தது, செத்தால்தான் மாமாவுக்குக் கல்யாணம் என்றும் இருந்தது. அவர் முட்டிபோட்டு நகர்ந்தார், நாணை இழுத்தார், மூச்சைப் பிடித்தார், விட்டார்.

அம்பு பட்ட சத்தம் கேட்டது. மான் விழவில்லை. ஓடவும் இல்லை. அப்படியே தொங்கியது.

மாமா குழம்பிப்போய் நாணலை விலக்கினார். எதிரே வரிசையாகக் கொடிகள் கட்டியிருந்தன. கொடிகளிலும் புதர்களிலும் புள்ளி போட்டது, கோடு போட்டது, பூப் போட்டது என்று விதவிதமாக, ஆலைப் பெண்கள் இடுப்பில் கட்டும் கைலிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பின்னால் அவர்கள் தங்கும் அறைகள். பெண்கள் கட்டும் கைலிக்குப் பர்மியத்தில் தமெய்ன் என்று பெயர். இழுத்துச் சொன்னால் வரும் அந்த மூன்றாவது தமின் அதுதான். மாமாவின் அம்பு ஒரு பழுப்புத் தமெய்னின் நடுவில் புகுந்து பின்னாலிருந்த மூங்கில் கம்பத்தில் குத்தி நின்றது.

ஈரத் தலையோடு, இரண்டு கன்னத்திலும் தனாக்கா பூசிய ஒரு பெண் வாளியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், பக்கத்திலேயே அடுக்கிவைத்த விறகு. லாரிக்காரர் சொன்ன அடி காட்டிலாகா அடி இல்லை என்று அப்போதுதான் மாமாவுக்கு உறைத்திருக்கும். பெண்கள் கட்டும் துணியைத் திருட வருகிறவன் என்று நினைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. நான் எனக்குத் தெரிந்த நல்ல பர்மியத்தில், மான் என்று நினைத்துவிட்டோம் என்றேன். எவ்வளவு நல்ல பர்மியத்தில் சொன்னாலும் அது நம்பும்படி இல்லை.

மாமா சிரித்த முகத்தை மாற்றாமல் என்னிடம் தமிழில் சொன்னார். "பாப்பா, நைசா போயி அம்பைப் புடுங்கிட்டு ஓடியா. நான் அதுக்கடியில போகமாட்டேன். அந்த ராட்சசி விறகை எடுக்கிறதுக்குள்ள ஓடிருவோம்."

அதுக்கடியில் போகமாட்டேன் என்றதற்குக் காரணம் உண்டு. காயும் தமெய்னுக்குக் கீழே ஆண்பிள்ளை நுழைந்து போனால் அவனுடைய ஆண்மைத் தேஜஸ் எல்லாம் இறங்கிவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. மாமா எதையும் நம்பாதவர், அதை மட்டும் நம்பினார்.

ஈரத் தலைக்காரி கையைக் கட்டிக்கொண்டாள்.

"ராட்சசி விறகை எடுக்கலீங்க. நிதானமா வாங்க" என்றாள் தமிழில். கொஞ்சம் தட்டுத்தடுமாறிய தமிழ், ஆனாலும் தமிழ். "ஆனா அம்பை நீங்கதான் வந்து எடுக்கணும். பாப்பா வேண்டாம்."

மாமாவின் மீசையில் தனாக்கா, சட்டைப்பையில் கரண்டி. என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து, கொடியில் தொங்கிய அத்தனை தமெய்னுக்கும் அடியில் நுழைந்து போனார். பெண்கள் சிரித்த சிரிப்பில் நாணல்காட்டிலிருந்து கொக்குகள் கிளம்பிப் போயின. அவர் அம்போடு திரும்பியபோது ஓட்டைக்குள் விரலை விட்டு அவள் காட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிது கொண்டுவருகிறேன் என்றார் மாமா. கேட்டால் அவர் குரல் மாதிரியே இல்லை.

வீட்டில் மான் மயிரிழையில் தப்பிவிட்டது என்று சொன்னோம். நான் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு பலூடா வாங்கித் தருவதாகப் பேச்சு. அந்த வாரமே மாமா தனியாகப் பசுந்தாங் போய், எனக்கு வேட்டையாடத் தெரியாது, சும்மா சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதே இல்லை. சம்பந்தம் முறிந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது.

இனிமேல் மான்தொடை யாருக்கும் தேவையில்லை. ஆனால் மாமா ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு லைங் தாயாவுக்குக் கிளம்பினார். என்னைக் கூப்பிடவே இல்லை. இரண்டு பேர் போனால் சத்தம் கேட்கும் என்றார். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், இரண்டு பலூடா கிடைத்ததே தவிர வேறு பலன் இல்லை. சாயங்காலம் வெறுங்கையோடு வருவார். மான் கிடைக்காத வேட்டைக்காரன் முகம் அப்படியா இருக்கும்? பாட்டு வேறு முணுமுணுப்பார்.

ஒரு திங்கட்கிழமை துணி துவைக்கப் போட்ட அம்மா, மாமாவின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தோள்பட்டையில் மஞ்சளாகத் தனாக்கா அப்பியிருந்தது. இதென்ன என்று அப்பாவிடம் கேட்டாள். இந்த வீட்டில் வேட்டை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நானே முந்திக்கொண்டு விளக்கினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தனாக்காவைத் தூவுவார்கள், சில சமயம் அது திரும்பி மேலேயே படிந்துவிடும் என்று.

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். "அப்போ காத்து எந்தப் பக்கம்னு தெரிஞ்சு போச்சு" என்றார். அம்மா சட்டையைத் தண்ணீரில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. என் கவலையெல்லாம் வேறு. தோள்பட்டை முழுக்கப் படிகிற அளவுக்குத் தூவிப் பார்த்தும் மாமாவுக்கு ஒரு மான்கூட அகப்படவில்லையே, பாவம்.