வெற்றி மட்டும் சொல்லச் சொன்னேன்

விசுவாசக் குடும்பத்தாரே,

சென்ற வருடம் மும்பையில் மழை விடாமல் கொட்டிய ஒரு வாரம். மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னிடம் வேலை செய்யும் புனிதா தன் அலமாரிச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வரவில்லை. கைபேசி அணைந்திருந்தது. மான்குர்த்தில் இருக்கும் அவள் அம்மாவை அழைத்தேன்.

"காலையில வேலைக்குன்னுதான் கிளம்பினா. அங்க இல்லையா? ஐயா, அவ கொஞ்ச நாளாவே சரியில்ல. தட்டுல சோத்தப் போட்டா பாத்துக்கிட்டே இருக்கா" என்றார்.

அவள் சரியில்லாமல் போன காரணம் எனக்குத் தெரியும். அதைத்தான் உங்கள் முன்னால் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். செம்பூரில் வீடு. ஓய்வுக்குப் பிறகு, சபையார் சிலருடைய உதவியோடு தாராவியில் பெண்களுக்காக ஒரு இல்லம் தொடங்கினேன். புருஷனிடம் அடிபட்டவர்கள், விற்கப்பட்டு மீட்கப்பட்டவர்கள், சொந்த வீட்டிலேயே சீரழிக்கப்பட்ட சிறுபெண்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். அவர்கள் வாய் திறக்கும்போது எதிரில் உட்கார்ந்து கேட்பது புனிதாவின் வேலை. தாராவியில் பிறந்து, சமூகப்பணி படித்த பெண். ஒரே நாளில் அவள் காதில் விழுந்தவற்றை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை எல்லா ஊழியர்களும் வட்டமாக நின்று ஜெபிப்போம். ஜெபத்துக்கு முன் ஒவ்வொருவரும் போன வாரத்தில் கண்ட ஒரு வெற்றியைச் சொல்ல வேண்டும். வெற்றி மட்டும். களைப்பு, பயம், அழுகை எதுவும் அங்கே வரக்கூடாது. சோர்வைப் பேசினால் சோர்வு பரவும் என்று நினைத்தேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன்.

புனிதா காணாமல் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, இல்லத்தில் இருந்த ஒரு சிறுபெண் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். முதலில் பார்த்தது புனிதாதான். அவளே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பெண் பிழைத்துக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை வட்டத்தில் நான் பெருமையோடு, "புனிதா, நீ முதலில் சாட்சி சொல்லும்மா" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தூக்கம் வரல ஐயா. கண்ண மூடினா அந்தப் பிள்ள முகந்தான். என்னால இனி யாரு கதையும் கேக்க முடியுமான்னு தெரியல" என்றாள்.

நான் குறுக்கே பேசினேன். "அது சாட்சி இல்லையம்மா. சாத்தானுக்கு இடம் கொடுக்காதே. பிள்ளை உயிரோடு இருக்கிறாளே, ஸ்தோத்திரம் சொல்லு."

அவள் ஸ்தோத்திரம் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று மாலை ஒரு டாக்டரைப் பார்க்க விடுப்பு கேட்டாள். "ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிற உனக்கே டாக்டரா?" என்று சிரித்தேன். அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவள் காணாமல் போன அந்தப் பிற்பகலில் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தோம். ஊழியர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நான் சயானில் தேடிவிட்டு மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வந்தேன். மேம்பாலத்தில் நின்று தண்டவாளத்தையே பார்த்தேன். எதைத் தேடிப் பார்க்கிறேன் என்று என் மனதுக்குத் தெரிந்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். படியிறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். லோக்கல் வண்டிகள் வந்து வந்து போயின. குடைகளோடு ஜனங்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

ஜெபிக்கப் பார்த்தேன். மேடையில் ஜெபித்துப் பழகிய வார்த்தைகள் வந்தன. உடனே நின்றுபோயின. அவள் செத்திருப்பாள் என்று நினைத்தேன். கொன்றது நான் என்று நினைத்தேன். அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன்? கடைசியில் இதைத்தான் சொன்னேன்:

"ஆண்டவரே, அவளைப் பேசவிடாமல் செய்தவன் நான். என்னிடம் அவள் இனி பேசவே வேண்டாம். வேறு யாரிடமாவது பேசட்டும். அவள் வாயைத் திறந்துவிடும்."

அந்தப் பெஞ்சை விட்டு நான் எழுவதற்குள் கைபேசி அடித்தது. எங்கள் இல்லத்தின் வார்டன் மரகதம்.

"அண்ணாச்சி, பிள்ள எனக்குப் போன் போட்டுட்டா. காட்கோபர் ஸ்டேஷன்ல இருக்கா. வந்த வண்டியெல்லாம் ஏறாம விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளாம்."

"இதோ போகிறேன்."

"நீங்க போவாதீங்க. 'ஐயா வந்தா மறுபடியும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லுவாரு'ங்கா. நான் ரிக்ஷாவுல ஏறிட்டேன். நீங்க அங்கேயே இருந்து ஜெபம் பண்ணுங்க. அதுல உங்களுக்கு நல்ல பழக்கந்தானே."

வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் அழுதேன். என்னிடம் வேண்டாம், வேறு யாரிடமாவது என்று கேட்டேன். கேட்டபடியே கிடைத்தது. இதைத் தற்செயல் என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான்.

மரகதம் அவளை நேரே அவள் அம்மாவிடம் அழைத்துப் போனாள். மறுநாள் டாக்டரிடமும் கூட்டிப் போனாள். சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தோம். சில நாள் கழித்து, அவள் சம்மதம் கேட்டு, மான்குர்த்துக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "சரி ஐயா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

மழைக்காலம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். இப்போது குறைவான பேரைத்தான் பார்க்கிறாள். கேட்டதை இறக்கி வைக்க, வாரம் ஒருமுறை செம்பூரில் அனுபவமுள்ள ஓர் ஆலோசகரிடம் போகிறாள். மற்ற ஊழியர்களும் முறைவைத்துப் போகிறார்கள். திங்கட்கிழமை வட்டம் இன்னும் இருக்கிறது. உட்கார்ந்துதான் பேசுகிறோம். அந்த வாரத்தில் என்னால் முடியாமல் போனதை முதலில் நான் சொல்ல வேண்டும். மாற்றிய முதல் நாள் என் முறை முடிந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. மரகதம்தான், "எனக்கு முட்டு வலி. அதோட அண்ணாச்சி மேல கோவம்" என்றாள். இல்லத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி அழுதாள். யாரும் அவளை நிறுத்தவில்லை. அன்று நாங்கள் செய்ததுதான் ஜெபம் என்று நம்புகிறேன்.

இப்படிப்பட்ட ஊழியத்தை நடத்துகிறவர்களே, உங்கள் கீழ் வேலை செய்கிறவர்களுக்காகப் பேர் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு அவர்களிடமே போய்க் கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் முழுவதும் கேளுங்கள். நம் ஆண்டவருக்குப் புலம்பல் புதிதல்ல. வெறுங்கையோடு வந்த என்னை அவர் தள்ளவில்லை, உங்களையும் தள்ளமாட்டார்.

இதை எழுதட்டுமா என்று புனிதாவிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதுங்க ஐயா. ஆனா நான் குணமாயிட்டேன்னு எழுதாதீங்க. குணமாயிட்டு வாரேன்னு எழுதுங்க."

அப்படியே எழுதியிருக்கிறேன்.